வழவழப்பில் தொலைந்த வீடு

சாவி கைக்கு வந்த அன்று காலி ஃபிளாட்டின் நடுவில் நின்று யாராவது ஒருவர் கை தட்டிப் பார்ப்பார். குழந்தைகள் இருந்தால் கத்தியே பார்த்துவிடும். சுவர்கள் திருப்பிக் கத்தும். குர்காவ்ன் ஆனாலும், புனே ஆனாலும், ஹைதராபாதின் புதிய புறநகர் ஆனாலும் இந்தச் சடங்கில் மாற்றமில்லை. "சாமான் எல்லாம் வந்தால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சாமான் வருகிறது. சோஃபா, கண்ணாடி மேஜை, சுவரை அடைக்கும் டி.வி., மாடுலர் கிச்சன். கடன் தவணையும் கூடவே வருகிறது. ஆறு மாதம் கழித்தும் எதிரொலி முழுதாகப் போவதில்லை. டி.வி.யின் ஒலியைக் கூட்டினால் வசனம் கலங்கிப் போகிறது. டிசம்பர் மாத தில்லியில் வெறுங்காலுடன் இறங்கினால் பாதம் விறைக்கிறது. பகலில் தரையில் விழும் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. வந்தவர்கள் எல்லோரும் "பிரமாதம்" என்கிறார்கள். அரை மணி நேரத்தில் கிளம்பியும் விடுகிறார்கள். வீட்டுக்காரர்களே கூட மாலையில் உட்காரத் தேர்ந்தெடுப்பது அந்த வரவேற்பறையை அல்ல. உள்ளே, பழைய மெத்தையும் போர்வையும் கிடக்கும் படுக்கையறையைத்தான்.

குறை எங்கே? பெரும்பாலோர் நிறத்தின் மீது சந்தேகப்படுகிறார்கள். ஒரு சுவருக்கு மட்டும் வேறு பெயின்ட் அடிக்கிறார்கள், அல்லது ஓர் ஓவியம் வாங்கி மாட்டுகிறார்கள். கொஞ்ச நாள் புதுமை. பிறகு பழைய கதை. அந்த அறையில் கை படும் இடங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன், மேலே ஃபால்ஸ் சீலிங், அலமாரியில் லேமினேட், மேஜையில் கண்ணாடி, சோஃபாவில் ரெக்சின். நிறங்கள் வேறு வேறு. தொட்டால் எல்லாம் ஒன்று. எங்கே கை வைத்தாலும் அதே வழவழப்பு, அதே குளிர்ச்சி.

ஆங்கிலத்தில் இதற்கு 'டெக்ஸ்சர்' என்று ஒரே சொல் இருக்கிறது. தமிழில் அப்படி ஒற்றைச் சொல் வழக்கில் இல்லை. இழையமைப்பு, இழைநயம் என்றெல்லாம் அகராதிகள் தேடிப் பிடிக்கின்றன. ஆனால் பேச்சுத் தமிழ் இதில் ஏழையல்ல. சொரசொர, வழவழ, மெத்துமெத்து, நறநற, கொரகொர, பிசுபிசு என்று ஒவ்வொரு தொடுகைக்கும் ஓர் இரட்டைக்கிளவி வைத்திருக்கிறது. பொதுப்பெயர் சூட்டாமல், விரல் உணர்ந்ததை அப்படியே ஒலியாக்கிய மொழி இது. 'டெக்ஸ்சர்' என்ற சொல்லும் நெய்வதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். 'டெக்ஸ்ட்' என்பதும் அதே வேர். நம் மொழியிலும் 'நூல்' என்றால் இழையும்தான், புத்தகமும்தான். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூல் எழுதுவதைப் பஞ்சிலிருந்து நூல் நூற்பதற்கே ஒப்பிடுகிறார். அறையின் சுகத்துக்கும் நெசவுக்கும் உள்ள உறவு மொழிகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கட்டடக் கலைஞர்கள்தான் சற்றுத் தாமதமாகக் கண்டுகொண்டார்கள்.

கான்கிரீட்டுக்குப் போர்த்திய கம்பளி

நவீனக் கட்டடக் கலையின் கறாரான முகம் என்று இந்தியாவில் ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால் சண்டிகரைக் காட்டலாம். பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் அமைக்க 1951-ல் வந்தார் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே. தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் ஆகியவற்றைப் பூச்சே இல்லாத கான்கிரீட்டில் எழுப்பினார். சென்ட்ரிங் பலகையின் ரேகைகள் கான்கிரீட்டில் பதிந்து அப்படியே நின்றன. அதை மறைக்க அவர் விரும்பவில்லை. 2016-ல் இந்த வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

உயர் நீதிமன்றம் 1955-ல் திறக்கப்பட்டது. உயரமான கூரை, கனத்த கான்கிரீட் சுவர்கள். வக்கீல் ஒரு வார்த்தை பேசினால் அறை அதைப் பல முறை திருப்பிச் சொல்லும். சாட்சி சொன்னது நீதிபதியின் காதில் தெளிவாக விழவேண்டிய இடம் அது. கார்புசியே கண்ட தீர்வு கம்பளி. நீதிபதிகளின் ஆசனத்துக்குப் பின்னால் சுவரை நிறைக்கும் திரைச்சீலைகளைத் தாமே வரைந்து கொடுத்தார். மொத்தம் ஒன்பது. தலைமை நீதிபதியின் அறைக்கு 144 சதுர மீட்டரில் ஒன்று. மற்ற எட்டு அறைகளுக்குத் தலா 64 சதுர மீட்டர். நெய்தவர்கள் காஷ்மீரத்து நெசவாளர்கள்.

வண்ணக் கட்டங்களும் குறியீடுகளுமாக அவை இன்று கலைப்படைப்புகளாகப் பேசப்படுகின்றன. ஆனால் முதலில் அவை வேலைக்காகத் தொங்கவிடப்பட்டவை. ஒலியை விழுங்குவது அவற்றின் உத்தியோகம். வீட்டை இயந்திரம் என்று வர்ணித்த மனிதரே, கான்கிரீட்டுக்குக் கம்பளி போர்த்த வேண்டியிருந்தது. இன்றைய ஃபிளாட்வாசி கவனிக்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. நவீனத்தைக் கைவிட்டுப் பழைய தூண்களையும் யானைத் தலைகளையும் ஒட்டவைக்க அவர் போகவில்லை. கடினமான பரப்புக்கு எதிரே மெத்தென்ற பரப்பை நிறுத்தினார். அவ்வளவுதான்.

தோல் சொல்லும் பொய்

அறையின் 'கதகதப்பு' ஏதோ மனப்பிரமை என்று நினைப்பவர்களுக்கு இயற்பியல் பதில் வைத்திருக்கிறது.

கிரானைட் தரையும் அதன் மேல் விரித்த கோரைப்பாயும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் கல்லில் கால் வைத்தால் சில்லென்கிறது, பாயில் இல்லை. காரணம், தோல் அளப்பது பொருளின் வெப்பநிலையை அல்ல. உடம்பின் சூடு எவ்வளவு வேகமாகப் பறிபோகிறது என்பதை. கிரானைட் மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். பாய், ஜமக்காளம், கம்பளி இவற்றின் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று சூட்டை வெளியே விடுவதில்லை.

ஒலிக்கும் இதே கதை. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கட்டிய புதிய விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க 5 விநாடிக்கு மேல் ஆனது. அதற்குள் பத்துச் சொற்கள் அதன் மேல் ஏறிக்கொண்டன. அதைச் சரிசெய்ய வந்த இளம் பேராசிரியர் வாலஸ் சபைன், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து ஒவ்வொன்றாக வைத்து, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளின் மேல்தான் பிறந்தது. வரவேற்பறையில் ஒரு தடித்த திரையும் ஒரு விரிப்பும் செய்வது அதே வேலையைத்தான்.

வெளிச்சம் மூன்றாவது சாட்சி. பாலிஷ் போட்ட பரப்பு வெளிச்சத்தைக் கண்ணாடிபோல ஒரே திசையில் திருப்பி அடிக்கும்; அதுதான் கண் கூச்சம். சொரசொரப்பான பரப்பு அதை நாலாபுறமும் சிதறடிக்கும். ஒவ்வொரு மேட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன நிழல் விழும். காலையில் ஒரு தோற்றம், மாலையில் வேறு தோற்றம். ஒரே நிறச் சுவர் நாள் முழுதும் அலுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மே மாதத்து நாக்பூரிலோ விஜயவாடாவிலோ சில்லென்ற தரை ஒரு வரம். அங்கே கதகதப்பு என்ற பேச்சே கேலியாகத் தோன்றும். நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்ல. வட இந்திய வீடுகளில் தீபாவளியை ஒட்டி விரிப்புகள் இறங்கும், ஹோலிக்குப் பிறகு சுருட்டப்படும். கோடை வந்தால் வாசலில் வெட்டிவேர்த் தட்டிகள் தொங்கும். தண்ணீர் தெளித்தால் அனல் காற்று அதில் நுழைந்து குளிர்ந்து, மணத்தோடு உள்ளே வரும். சொரசொரப்பு சூடேற்றத்தான் வேண்டும் என்பதில்லை, குளிரவும் வைக்கும். பருவத்துக்கு ஒரு பரப்பு என்பதுதான் பழைய வீட்டின் இலக்கணம். வருஷம் முழுதும் ஒரே பரப்பு என்பது புதிய வீட்டின் பிழை.

குப்பைக்குப் போன நாற்காலி

சண்டிகர் சொல்லும் இன்னொரு கதை வேதனையானது. கார்புசியேயின் உறவினரும் கூட்டாளியுமான பியர் ஜென்னரே, அந்த நகரத்தின் அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நாற்காலிகள் வடிவமைத்தார். தேக்குச் சட்டம், 'வி' வடிவக் கால்கள், முதுகுக்கும் இருக்கைக்கும் பிரம்புப் பின்னல். உள்ளூர்த் தச்சர்கள் செய்யக்கூடிய வேலை, காற்று ஊடாடும் இருக்கை. குமாஸ்தா முதல் நீதிபதி வரை அதில் உட்கார்ந்தார்கள்.

காலம் மாறியது. பின்னல் தொய்ந்த நாற்காலிகள் மொட்டை மாடிகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. பழைய சாமானாக அற்ப விலைக்கு ஏலம் போயின. ஃபோம் வைத்த சுழல் நாற்காலிகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஏலம் எடுத்த வெளிநாட்டு வியாபாரிகள் அவற்றைப் பழுதுபார்த்து பாரிசிலும் நியூயார்க்கிலும் விற்றபோதுதான், ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான ரூபாய் பெறும் என்று இங்கே தெரிந்தது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கத் தடை விதித்தது. அதற்குள் ஏராளமானவை கடல் கடந்திருந்தன.

பிரம்பு தொய்ந்தால் மறுபடி பின்னலாம்; அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடுவதைவிடப் புது நாற்காலி வாங்குவது எளிது என்று எண்ணிய நாளில்தான் கதை முடிந்தது. வீட்டிலும் இதுவேதான் நடக்கிறது. பின்னுபவர், பஞ்சு அடிப்பவர், பாய் முடைபவர் ஆகியோரின் தொலைபேசி எண் நம்மிடம் இல்லை. டைல்ஸ் கடையின் எண் இருக்கிறது.

பூசாத சுவரின் அழகு

சுவரைப் பற்றிப் பேசினால் லாரி பேக்கரைத் தவிர்க்க முடியாது. 1945-ல் இங்கிலாந்திலிருந்து வந்து, 1989-ல் இந்தியக் குடியுரிமை பெற்று, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். செங்கல்லின் மேல் சிமென்ட் பூசி, அதன் மேல் பட்டி தேய்த்து, பெயின்ட் அடித்து, சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிப்பதை அவர் வீண் செலவாகப் பார்த்தார். அவருடைய சுவர்களில் செங்கல் செங்கல்லாகவே நிற்கிறது. செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். இதில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். இடையில் அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். சிக்கனத்துக்காகச் செய்தது கண்ணுக்கும் விருந்தானது. சூளையில் சற்றுக் கூடுதலாக வெந்த செங்கல் கருஞ்சிவப்பு, குறைவாக வெந்தது இளஞ்சிவப்பு. எந்த பெயின்ட் கம்பெனியும் தராத நிறக்கலவை.

அகமதாபாதில் பி.வி. தோஷி இன்னொரு வழி காட்டினார். 1980-ஐ ஒட்டித் தம் அலுவலகமான 'சங்காத்'தின் வளைகூரைகளை உடைந்த பீங்கான் ஓட்டுச் சில்லுகளால் மூடினார். கழித்துப்போட்ட பொருள் வெயிலைத் திருப்பி அனுப்பும் கவசமானது. 1990களில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனுடன் சேர்ந்து அதே நகரத்தில் நிலத்தடியில் ஒரு குகைக் கலைக்கூடம் கட்டினார். அதில் நேர்ச்சுவரே கிடையாது. தரை மேடுபள்ளம், தூண்கள் மரம்போலக் கோணல். கார்புசியேயிடம் தொழில் கற்ற அவருக்கு 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

படித்த கட்டடக் கலைஞர்களுக்கு வெகு காலம் முன்பே கட்ச் பாலைவனத்துப் பெண்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். 'பூங்கா' எனப்படும் வட்டக் குடிசைகளின் உட்சுவரில் களிமண்ணும் சாணமும் குழைத்து விரலால் கோடிழுத்து, நடுவே கண்ணாடிச் சில்லுகள் பதிப்பார்கள். ஒரே ஓர் அகல் விளக்கு ஏற்றினால் சுவர் முழுதும் நட்சத்திரம். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் கான்கிரீட் கட்டடங்கள் பல சரிந்தபோது, இந்த வட்டக் குடிசைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. ஜெய்ப்பூர் பக்கம் 'அராயிஷ்' என்றொரு சுண்ணாம்புப் பூச்சு உண்டு. ஊறவைத்த சுண்ணாம்பைப் பளிங்குத் தூளோடு பக்குவப்படுத்தி, அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதுவும் வழவழப்புதான். ஆனால் டைல்ஸின் வழவழப்பு அல்ல. கொத்தனாரின் மணிக்கட்டு போன பாதை அதில் தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளலாம். வழவழப்பே குற்றமில்லை. காவித் தரையும்தான் வழவழப்பு. சிவப்பு ஆக்சைடு கலந்த சிமென்ட்டைக் கரண்டியால் இழைத்து, பல வருஷம் காலடி பட்டுப் பட்டு ஏறிய மினுமினுப்பு அது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் வங்காளத்திலும் பழைய வீடுகளில் இன்றும் அது காலுக்கு இதமாக இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து முடிந்த பொருளாக வந்து, நாளாக நாளாகக் கெட மட்டுமே தெரிந்த பரப்பு ஒரு வகை. புழங்கப் புழங்கப் பழகும் பரப்பு இன்னொரு வகை. வீட்டுக்கு வேண்டியது இரண்டாவது.

கண் ஏமாறும், கை ஏமாறாது

சந்தை இந்தப் பசியைக் கண்டுகொள்ளாமல் இல்லை. நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி தயாராகும் குஜராத்தின் மோர்பியில், மரத்தின் வரிகளையும் பழைய கல்லின் வடுக்களையும் டைல்ஸ் மேல் அச்சடித்துத் தருகிறார்கள். செங்கல் படம் போட்ட வால்பேப்பர் கிடைக்கிறது. பிரம்புப் பின்னல் போன்ற பிளாஸ்டிக் ஷீட் கிடைக்கிறது. கட்ச் சுவர் வேலை கூடப் பலகையில் ஒட்டத் தயாராகப் பொட்டலத்தில் வருகிறது.

புகைப்படத்தில் எல்லாம் அசல்போலத்தான் இருக்கும். அறையில் கால் வைத்ததும் சாயம் வெளுத்துவிடும். மரம்போல அச்சடித்த டைல்ஸ் பாதத்துக்குக் கல்தான்; எதிரொலிக்கும் கல்தான். அந்த மரத்தின் முடிச்சு நாலு டைல்ஸ் தள்ளி மறுபடி அதே இடத்தில் அதே வடிவில் வரும். இயற்கை இப்படி ஒரே கையெழுத்தை இரண்டு முறை போடுவதில்லை.

இழப்பு வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல. அச்சடித்த பரப்பு ஒவ்வொன்றும் ஒரு கைத்தொழிலின் இடத்தில் உட்காருகிறது. மத்திய அரசின் மூன்றாவது கைத்தறிக் கணக்கெடுப்பில் (2009-10) நாட்டில் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களுமாக 43.31 லட்சம் பேர் இருந்தார்கள். 2019-20ல் நடந்த நான்காவது கணக்கெடுப்பில் இது 35.22 லட்சம். பத்து ஆண்டுகளில் எட்டு லட்சம் பேருக்கு மேல் குறைவு. போனவர்கள் எல்லோரும் நஷ்டப்பட்டே போனார்கள் என்று சொல்ல முடியாது. நல்ல கூலி கிடைக்கும் வேறு வேலைக்குப் போனவர்களும் இருக்கலாம். ஆனால் போன கை திரும்பி வருவதில்லை. அடுத்த தலைமுறைக்கு அந்த வேலை கைமாறுவதும் இல்லை.

சட்டம் துணை நிற்க முயன்றது. 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ், சேலை, வேட்டியோடு ஜமக்காளமும், படுக்கை விரிப்பும், கம்பளியும் விசைத்தறியில் குறிப்பிட்ட வகையில் நெய்யக் கூடாத பொருள்களாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் விசைத்தறிச் சரக்கு கைத்தறி என்ற பெயரில் தாராளமாக விற்கிறது. விலை வித்தியாசத்தைப் பார்க்கும் வாங்குபவர், கை வித்தியாசத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை.

கற்றுக்கொள்வது கஷ்டமில்லை. கம்பளத்தை முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும். பதோஹியிலும் காஷ்மீரத்திலும் கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தின் முதுகில், முகத்தில் இருக்கும் அதே சித்திரம் முடிச்சு முடிச்சாகத் தெரியும். ஓரக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்கும். முதுகில் துணி ஒட்டியிருந்தால் அது துப்பாக்கி போன்ற கருவியால் இழை செருகி, பசை தடவிய 'டஃப்டட்' கம்பளம். அதுவும் மோசமில்லை, ஆனால் முடிச்சுக் கம்பளத்தின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. கைத்தறித் துணியில் கரையோரம் சிறு சிறு ஊசித் துளைகளும், நெசவில் லேசான ஏற்ற இறக்கமும் இருக்கும். 2006 முதல் நடைமுறையில் உள்ள கைத்தறி முத்திரையையும் தேடலாம்.

தூசு யார் தட்டுவது?

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வழவழப்பு வென்றதற்கு முதல் காரணம் அழகல்ல, துடைப்பம். ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் டைல்ஸ் பளிச். பூசாத செங்கல்லின் இடுக்கில் தூசு தங்கும். கம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சி சேரும். ஆஸ்துமா உள்ள வீட்டில் அது விளையாட்டல்ல. கொங்கண், கேரளம், கொல்கத்தா போன்ற ஈரம் மிகுந்த இடங்களில் கம்பளி பூசணம் பூக்கும், சணல் நாற்றமடிக்கும். வேலைக்குப் போய்வந்து வீட்டையும் பார்க்கும் பெண்ணிடம் "இன்னும் நாலு விரிப்பு வாங்கலாம்" என்று சொல்பவர், அதை உதறப்போவது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே அளவு முக்கியம். சுவர் முதல் சுவர் வரை கம்பளம் ஒட்டுவது நம் தூசுக்கு ஒத்துவராது. எடுத்து உதறவும், வெயிலில் காயப்போடவும், துவைக்கவும் முடிகிற விரிப்புதான் இந்திய வீட்டுக்கு ஏற்றது. பானிபட்டின் பருத்தி ஜமக்காளமும், வாரங்கலின் விரிப்பும், பவானி ஜமக்காளமும் அந்த வகை. ஈர ஊர்களில் கம்பளியைத் தவிர்த்து, ஆலப்புழைக் கயிற்று விரிப்பு, வங்காளத்துக் கோரைப்பாய், மணிப்பூரின் 'கௌனா' நாணல் பாய், பிரம்பு, மூங்கில் என்று போகலாம். ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் தரையை விட்டுவிட்டுத் துவைக்கக்கூடிய பருத்தித் திரைகளிலும், சுவரிலும், மர இருக்கையிலும் இதைத் தேடலாம்.

முதியவர்கள் இருக்கும் வீட்டில் பேச்சு அழகைப் பற்றியதே அல்ல. ஈரமான பாலிஷ் டைல்ஸில் ஒரு வழுக்கல் போதும். இடுப்பு எலும்பு முறிவு அந்த வயதில் படுக்கையிலேயே தள்ளிவிடும். குளியலறையிலும் பால்கனியிலும் சொரசொரப்பான கோட்டா கல்லோ கடப்பா கல்லோ போடுவது அலங்காரமல்ல, அவசியம். அதே காரணத்தால், தளர்ந்து மடங்கும் விரிப்பை அவர்கள் நடக்கும் பாதையில் போடவும் கூடாது.

செலவு? இதுதான் ஆச்சரியம். பளிங்கையும் இத்தாலிய சோஃபாவையும்விட இவை மலிவு. ஒரு வீட்டின் மிகச் சிறந்த விரிப்பு பெரும்பாலும் அதன் பழைய டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது. வங்காளத்து 'காந்தா', பீகாரின் 'சுஜனி', மராட்டியத்தின் 'கோதடி', வட கர்நாடகக் காட்டோரத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' எல்லாமே பழைய சேலையையும் துணியையும் அடுக்கித் தைத்தவை. இல்லாமையிலிருந்து பிறந்த கலை. அம்மாவின் நாலு பருத்திச் சேலைகள் ஒரு போர்வையாகி வெறும் சோஃபாவின் முதுகில் விழுந்தால், அந்த அறைக்கு வேறு அலங்காரம் தேவைப்படாது.

விளக்கையும் மறக்கக் கூடாது. கூரையின் நடுவிலிருந்து அடிக்கும் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் எந்த நெசவும் அச்சடித்த படம்போலத்தான் தெரியும். மஞ்சள் சாயலுள்ள ஒரு விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் வைத்தால், அதுவரை இல்லாத மேடுபள்ளங்கள் எழுந்து வரும். சில நூறு ரூபாய் விஷயம்.

எல்லா இடத்திலும் சொரசொரப்பு வைப்பதும் அபத்தம்தான். செங்கல் சுவர், சணல் திரை, பிரம்பு நாற்காலி, கம்பளி விரிப்பு, மண் பானை எல்லாம் ஒரே அறையில் கூடினால் அது வீடல்ல, கைவினைக் கண்காட்சி. ஒன்று பேசும்போது மற்றது மௌனமாக இருக்க வேண்டும். வெறும் சுவருக்கு எதிரே ஒரு நெசவு. டைல்ஸ் தரையின் நடுவே ஒரு ஜமக்காளம். கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் கம்பளி. கார்புசியே ஓர் அறைக்கு ஒரே ஒரு திரைச்சீலையைத்தான் தொங்கவிட்டார்.

புதுவீட்டில் எது குறைகிறது என்று கண்டுபிடிக்க இன்டீரியர் நிபுணர் வேண்டியதில்லை. ஒரு மாலை நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி, வெறுங்காலுடன், சுவரைத் தடவியபடி வாசலிலிருந்து பால்கனி வரை நடந்து பார்த்தால் போதும். கைக்கும் காலுக்கும் எந்த இடத்தில் எந்த அறை என்று தெரிந்தால் அது வீடு. வழி முழுதும் ஒரே வழவழப்பாக இருந்தால், முதலில் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.